குங்குமம் மறையும், விபூதி தெரியும்: கறுப்பு-வெள்ளைப் படம் எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

என்னுடைய பெரிய தோல்வியிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் ஊர்க் கோயில் தீமிதி. கேமரா வாங்கிய புதிது. கறுப்பு-வெள்ளையில் எடுத்தால்தான் அது 'கலை' என்று யாரோ சொல்ல, அதை அப்படியே நம்பியிருந்த வயது. கேமராவை மோனோக்ரோமில் வைத்து, ஜேபெக்கில் மட்டும் சேமித்து, மத்தியானத்திலிருந்து பொழுது சாயும் வரை முன்னூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் திறந்தால், பூக்குழி ஜல்லி கொட்டிய இடம் மாதிரி இருக்கிறது. தணலின் சிவப்பு போனதும், அருள் வந்து இறங்கியவர் ரோடு போட வந்தவர் போலத் தெரிந்தார். மஞ்சள் வேட்டி, வேப்பிலை, சாமந்தி மாலை எல்லாம் ஒரே சாம்பல். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி, தீ எங்கடா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு ரங்கூன் தெருக்களில் நடக்க வரும் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்விதான் முதல் பாடம். நிறத்தை எடுத்துவிட்டால் இந்தப் படத்திலிருந்து எது போகும்? போவது படத்தின் உயிர் என்றால் கலரில் எடுங்கள். போவது வெறும் தொந்தரவு என்றால் கறுப்பு-வெள்ளை. 'பழைய காலத்து ஃபீல் வரும்' என்பது மட்டுமே காரணம் என்றால், தயவுசெய்து வேண்டாம். நம் வீடுகளில் தொங்கும் தாத்தா பாட்டி கல்யாணப் படங்கள் கறுப்பு-வெள்ளையில் இருப்பது அவர்களுடைய ரசனையால் அல்ல, வேறு வழி இல்லாததால். கையில் காசிருந்தவர்கள் ஸ்டுடியோவில் கூடுதலாகக் கொடுத்து, உதட்டுக்கும் சேலைக் கரைக்கும் கையால் வண்ணம் பூசி வாங்கினார்கள். அவர்கள் ஏங்கிய நிறத்தை நாம் ஒரு பொத்தானை அழுத்திக் கழற்றுகிறோம். அதற்கு ஒரு காரணமாவது இருக்க வேண்டாமா?

கேமரா இல்லாமல் மூன்று நாள்

முதல் வேலைக்குக் கேமராவே தேவையில்லை. தினமும் போகிற வழியில், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, எதிரில் இருப்பதில் எது வெளிச்சம், எது இருட்டு என்று மட்டும் பாருங்கள். பச்சையா சிவப்பா என்று பார்க்கக் கூடாது. பிடிபட மூன்று நாள் ஆகும். சிலருக்கு மூன்று வாரம்.

இதில் எல்லோரும் ஒரே குழியில்தான் விழுகிறோம். நிறம் வேறாக இருந்தால் சாம்பலும் வேறாக இருக்கும் என்று மனம் நம்புகிறது. அப்படியில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையின் பச்சைக் கைலியும், பக்கத்தில் வரிசையில் போகும் பொங்கியின், அதாவது புத்த பிக்குவின், அரக்குச் சீவரமும் கண்ணுக்கு எவ்வளவு எதிரும் புதிருமாக இருக்கின்றன! கறுப்பு-வெள்ளையாக்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நிறத்தைக் கழற்றும்போது சாதாரண மென்பொருள் போடும் கணக்கு தோராயமாக இதுதான்: பச்சைக்கு 60 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 10. அதாவது பிரகாசமான நீலம் எதிர்பார்த்ததைவிடக் கறுத்துப் போகும், இளம்பச்சை வெளுத்துப் போகும். கணக்கை மனப்பாடம் செய்ய வேண்டாம். எந்த இரண்டு பொருள் ஒட்டிக்கொள்ளும் என்று ஊகிக்கத் தெரிந்தால் போதும்.

நம் முகங்களிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. நம்முடைய மாநிறத்தில், கறுப்பு நிறத்தில், குங்குமம் கறுப்பு-வெள்ளைப் படத்தில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். விபூதிப் பட்டையோ பளிச்சென்று எழுந்து நிற்கும். ஆகவே நெற்றி நிறைய விபூதி பூசிய பெரியவரைப் பார்த்தால் கறுப்பு-வெள்ளை என்று தயங்காமல் முடிவெடுப்பேன். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த முகம் என்றால் பெரும்பாலும் கலர்தான். பர்மாக்காரப் பெண்களும் நம் வீட்டுப் பெண்கள் பலரும் கன்னத்தில் பூசும் தனகா என்ற மரப்பட்டைக் குழம்பு இன்னும் நல்ல உதாரணம். வெளிர்மஞ்சளாக இருப்பதால் அது சாம்பலில் வெள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்காரும். விரலால் தேய்த்த கோடு, பிரஷ் இழுத்த தடம்கூடத் தெரியும். கலரில் பார்க்கும்போது நாம் கவனிக்காத கோடுகள் அவை.

வெற்றிலை மட்டும் எப்போதும் ஏமாற்றும். வெற்றிலை போட்ட வாய் கறுப்பு-வெள்ளையில் கன்னங்கரேலென்று ஆகி, பல் விழுந்த மாதிரியோ அடிபட்ட மாதிரியோ தெரியும். என் மாமா ஒருவர் அப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

வெளிச்சம் எங்கே, எப்போது

நிறம் போன பிறகு கையில் மிஞ்சுவது வெளிச்சம், உருவம், மேற்பரப்பின் சொரசொரப்பு. இந்த மூன்றில் ஒன்றாவது வலுவாக இல்லையென்றால் படம் சப்பென்று இருக்கும்.

ரங்கூன் டவுன் பகுதி இதற்கு ஒத்தாசையாக அமைந்திருக்கிறது. பெரியவர்கள் இன்னும் பிரேசர் தெரு என்று சொல்லும் அனோரதா சாலை, டல்ஹவுசி தெருவாக இருந்த மகாபந்துலா சாலை போன்ற பெரிய சாலைகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. காலை ஏழு மணி வெயில் அவற்றுக்குள் நீளவாக்கில் நுழையும். எதிரே நடந்து வருபவரின் நிழல் அவருக்கு முன்னால் நீண்டு உங்கள் காலடி வரை வரும். சூரியனைப் பார்த்து நின்றால் எல்லோரும் கறுப்பு உருவங்கள். முதுகு காட்டி நின்றால் முகமெல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரியும், ஆழம் போய்விடும். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, வெயில் பக்கவாட்டில் விழும்படி நில்லுங்கள்.

எண் போட்ட தெருக்கள் வடக்கு தெற்கு. இருபுறமும் ஐந்தாறு மாடி. காலையில் வெயில் மேல் மாடிப் பால்கனிகளில்தான் நிற்கும். கீழே இறங்க உச்சிப்பொழுதாகும். உச்சி வெயிலில் படம் எடுக்கக் கூடாது என்பார்கள். கலருக்குச் சரி. இந்தக் குறுகிய தெருக்களிலோ அந்த நேரத்தில் தரையில் ஒரு வெயில் பட்டை விழுந்து, மற்றதெல்லாம் நிழலாக இருக்கும். அந்தப் பட்டைக்கு வெளிச்ச அளவை வைத்துக்கொண்டு, யாராவது அதற்குள் கால் வைக்கும் வரை காத்திருங்கள். பத்து நிமிடத்தில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவாவது வரும்.

அப்புறம் தார்ப்பாய். சந்தைத் தெருக்களில் கடைக்குக் கடை நீலமும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் பாய் கட்டியிருக்கிறார்கள். அதன் வழியாக வரும் வெளிச்சத்தில் எல்லா முகமும் பாசி படிந்ததுபோல் பச்சையாகவோ, குளிரில் விறைத்ததுபோல் நீலமாகவோ இருக்கும். கலரில் இதைச் சரிசெய்யப் போனால் பாய்க்கு வெளியே நிற்பவர் ஆரஞ்சாகிவிடுவார். மின்வெட்டு நேரமும் இதே கதைதான்: சன்னலில் பகல் வெளிச்சம், மேசையில் மெழுகுவத்தி, சுவரில் நீலம் கக்கும் சார்ஜ் லைட். மூன்று நிறம் ஒரே முகத்தில் சண்டை போடும். இங்கே நிறத்தை எடுத்துவிட்டால் சண்டை ஓய்ந்து, முகம் மட்டும் நிற்கும். கறுப்பு-வெள்ளைக்கு இதைவிட நியாயமான காரணம் எனக்குத் தெரியாது.

மழைக்காலம் மே மத்தியில் தொடங்கி அக்டோபர் வரை இழுக்கும். மேகம் மூடிய வெளிச்சம் தட்டையாக இருக்கும்; அதைக் கறுப்பு-வெள்ளையாக்கினால் கழுவி ஊற்றிய சாம்பல்தான் மிஞ்சும் என்று பலர் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். நனைந்த ரோட்டைப் பாருங்கள். தார் ரோடு கறுப்பாகி, கடை விளக்குகள் அதில் வெள்ளைக் கோடுகளாக நீளும். குடைகளும் கறுப்பு. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தலாவுக்குப் போகும் படகுத் துறையில் மழை விட்ட பத்து நிமிடம் போதும், நல்ல படம் கிடைத்துவிடும்.

கேமராவில் என்ன வைப்பது

இது சின்ன விஷயம், ஆனால் என் தீமிதிப் படங்களைக் கொன்றது இதுதான். 'ரா' கோப்பும் (கேமரா பிடித்ததைக் குறைக்காமல் அப்படியே வைக்கும் கோப்பு) ஜேபெக்கும் சேர்ந்து பதிவாகும்படி வையுங்கள். பட பாணியை மோனோக்ரோமுக்கு மாற்றுங்கள். இப்போது திரையில் கறுப்பு-வெள்ளை தெரியும், கண் பழகும். ஆனால் 'ரா' கோப்புக்குள் நிறம் முழுசாகப் பத்திரமாக இருக்கும். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். 14 பிட் 'ரா' கோப்பில் 16,384. வானத்தைக் கொஞ்சம் இருட்டாக்கினாலே ஜேபெக் பட்டை பட்டையாகப் பிளந்துகொள்வது அதனால்தான்.

ஃபோனில் எடுப்பவர்கள் மோனோ, நாய்ர் போன்ற ஃபில்டர்களைப் பார்க்கும்போது மட்டும் போட்டுக்கொண்டு, மாற்றுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் மூன்றில் ஒரு படி (ஸ்டாப்) குறைவாக இருக்கட்டும். வெள்ளை வெடித்துப்போனால் அந்த இடத்தில் திரும்பக் கொண்டுவர எதுவும் இல்லை. நிழலைக் கொஞ்சமாவது மீட்கலாம். ஆனால் கறுத்த முகத்தைப் படமெடுக்கும்போது இந்த விதியை விட்டுவிடுங்கள். பின்னால் வெளிச்சமான சுவர் இருந்தால் தானியங்கிக் கணக்கு நம் முகங்களை நிழலுக்குள் தள்ளிவிடும். திரையில் முகத்தைத் தொட்டு அளவெடுத்து, தேவையானால் அரைப் படி கூட்டுங்கள். சுவர் வெளுத்தால் வெளுக்கட்டும்.

வெளிச்சம் குறைந்த இடத்தில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 3200, 6400 என்று ஏற்றப் பயப்பட வேண்டாம். கலரில் அசிங்கமாகத் தெரியும் சிவப்பு, பச்சைப் புள்ளிகள் இங்கே வெறும் மணல் மணலாகத்தான் தெரியும்.

ஒரு படம், அடி முதல் நுனி வரை

போன மாதம் எடுத்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். சந்தைத் தெரு முனையில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே வடை சுடும் அக்கா. கன்னத்தில் தனகா, நெற்றியில் குங்குமம். பின்னால் சிவப்புப் பிளாஸ்டிக் வாளி. சட்டியிலிருந்து ஆவி.

"அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

"எடு தம்பி. வடை தீஞ்சா நீதான் வாங்கணும்."

கலரில் பார்த்தால் கண் நேரே வாளிக்குப் போகிறது. முகம் நீலம் பூத்திருக்கிறது. ஆவி தெரியவே இல்லை. படத்தின் விஷயமோ ஆவியும் முகமும்தான். எனவே கறுப்பு-வெள்ளை.

ஆவி தெரிய வேண்டுமானால் பின்னணி இருட்டாக இருக்க வேண்டும், வெளிச்சம் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ வர வேண்டும். இரண்டு அடி இடது பக்கம் நகர்ந்தேன். பின்னணியாக இருந்த வெளிச்சமான தெரு போய், பக்கத்துக் கடையின் நிழல் வந்தது. இந்த இரண்டு அடி எந்த மென்பொருளிலும் கிடைக்காது.

வீட்டில் லைட்ரூம் செல்ஃபோன் பதிப்பில் திறந்து கறுப்பு-வெள்ளை பொத்தானைத் தட்டினேன். உடனே கான்ட்ராஸ்டை (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை) ஏற்றக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் நிறக் கலவை. ஒவ்வொரு நிறமும் எவ்வளவு வெளுக்க வேண்டும், எவ்வளவு கறுக்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லும் இடம் அது. மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றினேன்: தனகா எழுந்து வந்தது. ஆரஞ்சு என்பது நம் தோல். அதை ஒரு சிட்டிகை மட்டும் ஏற்றினேன். நிறைய ஏற்றினால் முகம் மாவு பூசினதுபோல் ஆகி, தனகாவுக்கும் தோலுக்கும் வித்தியாசம் போய்விடும். சிவப்பை இறக்கினேன்: வாளி நிழலுக்குள் காணாமல் போனது, குங்குமம் கறுப்புப் பொட்டாக நின்றது. நீலத்தை இறக்கினேன்: தார்ப்பாய் கறுத்து, ஆவி வெள்ளையாகப் பிரிந்தது. ஆனால் முகத்திலும் நீல வெளிச்சம் விழுந்திருந்ததால், கொஞ்சம் கூடப் போனதும் கன்னத்தில் திட்டுத் திட்டாக வந்தது. பாதிக்குத் திரும்பினேன். இப்படித் திட்டு விழுகிறதா என்று படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்காமல் சேமிக்காதீர்கள்.

கடைசியில்தான் கான்ட்ராஸ்ட். எங்காவது ஒரு சின்ன இடம் சுத்தக் கறுப்பாக, எங்காவது ஒரு சின்ன இடம் சுத்த வெள்ளையாக இருந்தால் போதும். இங்கே கறுப்பு சட்டியின் அடி; வெள்ளை ஆவியின் ஓரம்.

ஸ்னாப்சீட் என்ற செயலி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு ஸ்லைடர் இல்லை. அதன் கறுப்பு-வெள்ளைக் கருவியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வடிகட்டிகள் இருக்கின்றன. ஃபிலிம் காலத்தில் லென்ஸ் முன்னால் கண்ணாடியாக மாட்டியது இதைத்தான். விதி எளிது: எந்த நிறக் கண்ணாடியோ அந்த நிறம் வெளுக்கும், எதிர் நிறம் கறுக்கும். பழைய செக்ரடேரியட்டின் செங்கல் சுவர் சிவப்பு வடிகட்டியில் வெளுத்து, பின்னால் நீல வானம் இடி இடிக்கப் போகிறதுபோல் கறுக்கும். முன்னால் நிற்கும் மரமும் கறுக்கும். பச்சை வடிகட்டியில் நேர்மாறு, மரம் வெளுத்துச் சுவர் கறுக்கும்.

வானம் என்றதும் ஒரு பழைய சமாசாரம். 1855இல் ஆவா அரசவைக்கு, அதாவது பர்மிய மன்னரிடம், போன ஆங்கிலேயத் தூதுக்குழுவோடு லினியஸ் டிரைப் என்ற படைவீரர் பெரிய கேமராவோடு பர்மா வந்தார். அமரபுரத்திலும் ரங்கூனிலும் எடுத்தார். அதற்கடுத்த சில ஆண்டுகளில் மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்தவரும் அவரே. நம் இரண்டு ஊரையும் முதலில் படம் பிடித்தவர்களில் ஒருவர் என்று சொல்லலாம். அந்தக் கால ரசாயனத்துக்கு நீலம் அளவுக்கு மீறித் தெரியும், சிவப்பு அநேகமாகத் தெரியவே தெரியாது. அதனால் வானம் வெறும் வெள்ளையாக வந்தது. அவர் நெகட்டிவிலேயே கையால் மேகம் தீட்டிச் சேர்த்தார். அந்த முறையில் எடுத்த படங்களில் நம் ஆட்கள் நிஜத்தைவிடக் கறுப்பாகத் தெரிவதற்கும் இதே சிவப்புக் குருடுதான் காரணம்.

கலரிலேயே விட வேண்டியவை

ஷ்வேடகோன் பகோடாவின் தங்கத்தைச் சாம்பலாக்கினால் சிமென்ட் கோபுரம் கிடைக்கும். நான் செய்து பார்த்திருக்கிறேன். காளியம்மன் கோயில் கோபுரமும் அப்படியே: நூற்றுக்கணக்கான சுதைச் சிற்பங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது வர்ணம்தான், அதை எடுத்தால் கொசகொசவென்று ஆகிவிடும். சாயங்கால வெயில் பக்கவாட்டில் பட்டு ஒவ்வொரு பொம்மைக்கும் நிழல் விழும் அரை மணி நேரம் மட்டும் விதிவிலக்கு. இளஞ்சிவப்பு உடை உடுத்திய சின்னஞ்சிறு பிக்குணிகள் வரிசை, கல்யாணக் கூறைப்புடவை, மஞ்சள்தூள் மூட்டைகள் என்று இந்தப் பட்டியல் நீளும்.

அதற்காகத் திருவிழா என்றாலே கலர் என்றும் முடிவு கட்டாதீர்கள். அடுத்த வருடத் தீமிதியில் பூக்குழியைக் கலரில் எடுத்தேன். இறங்கியவர்கள் கடைசியில் கால் வைக்கும் பால்குழிப் பக்கம் போனதும் மனம் மாறியது. வெள்ளைப் பால், சாம்பல் அப்பிய கறுத்த பாதங்கள், சுற்றிலும் சேறு. அங்கே நிறத்துக்கு வேலையே இல்லை.

நன்றாக வராத படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கி ஒப்பேற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆடிப்போன படம் சாம்பலிலும் ஆடித்தான் இருக்கும்.

தெருவில் எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். இன்றைய நிலைமையில் ராணுவத்தினர், சோதனைச் சாவடி, போலீஸ், பாலங்களின் காவல் இடம் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம், பையிலேயே இருக்கட்டும்.

காகிதத்தில்

திரையோடு நின்றுவிட்டால் பாதிதான் கற்றுக்கொண்டீர்கள். மாதம் ஒரு படமாவது பிரின்ட் போடுங்கள். கலர் மெஷினில் கறுப்பு-வெள்ளை போட்டால் சாம்பலில் லேசாகப் பச்சையோ ஊதாவோ அடிக்கும். கடைக்காரரிடம் "ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லி, முதலில் 4×6 அளவில் ஒன்றே ஒன்று போடச் சொல்லுங்கள். அதைக் கடை டியூப்லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பளபளப்பில்லாத மேட் காகிதமே நல்லது. ஆனால் அதில் கறுப்பு கொஞ்சம் வெளிறும் என்பதால் கோப்பில் நிழல்களைச் சற்று ஆழமாக்கிக் கொடுங்கள். வடைக்கடை அக்காவுக்கும் ஒரு பிரதி போட்டேன். ஆவி நன்றாக இருக்கிறது, வாளியை எங்கே ஒளித்தாய் என்று கேட்டார்.